இறந்துபோன குழந்தையின் நினைவாகக் குடும்பமாகச் சேர்ந்து எதையாவது செய்தவர்கள் உண்டா? அது ஆறுதல் தந்ததா?

பேர் போடாமல் கேட்டிருக்கிறீர்கள். இன்னும் வருசம் திரும்பியிருக்காது என்று நினைக்கிறேன். சொந்தக்காரர்கள் "மறந்துட்டு ஆகற வேலையப் பாருங்க" என்று சொல்லியிருப்பார்கள். வீட்டில் ஒருத்தருக்கு ஏதாவது செய்தே ஆகணும், இன்னொருத்தருக்கு அந்தப் பேச்சை எடுத்தாலே ஆகாது. எங்கள் வீட்டில் அப்படித்தான் இருந்தது.

எங்களுக்குப் பவானி. அய்யன், அதாவது என் அப்பா, குழித்தறியில் ஜமக்காளம் நெய்கிறவர். நான் தறியே வேண்டாமென்று பெருந்துறைப் பக்கம் கம்பெனி வேலைக்குப் போனவன். 2017-ல் டெங்குக் காய்ச்சல் ஊரெல்லாம் இருந்ததே, அதில் பையன் போய்விட்டான். எட்டு வயசு. ஆஸ்பத்திரிக் கதையை இங்கே எழுத மாட்டேன், எழுத ஆரம்பித்தால் நிறுத்த மாட்டேன்.

பள்ளிக்கூடம் விட்டால் அவன் நேராக அவங்க அப்பாருகிட்ட, அதாவது தாத்தாவான அய்யன்கிட்டத்தான் போவான். ராட்டையில் தார் சுற்றிக் கொடுப்பது அவன் வேலை. குறுக்கே ஓடுகிற ஊடை நூலைக் குச்சியில் சுற்றி, தறியில் இங்கேயும் அங்கேயும் போய்வருகிற நாடாவுக்குள் வைப்பார்களே, அதுதான் தார். ஒரு தாருக்கு ஒரே கலர்தான் சுற்றணும். இவன் மிச்சம் மீதி நூலையெல்லாம் முடிச்சுப் போட்டு, சிவப்புக்கு அடியில் பச்சை, பச்சைக்கு அடியில் மஞ்சள் என்று ஒளித்துச் சுற்றிக் கூடையில் போட்டுவிடுவான். அய்யன் சிவப்புப் பட்டை ஓட்டிக்கொண்டிருப்பார், நடுவில் பச்சை வந்து நிற்கும். பிரித்துத்தான் மறுபடி ஓட்டணும். கத்துவார். அவன் வீட்டுக்குப் பின்னால் பொடக்காளிப் பக்கம் ஓடிப்போய் நின்று சிரிப்பான்.

அவன் துணிமணி, பள்ளிக்கூடப் பை எல்லாவற்றையும் மூன்றாம் நாளே பெரியவர்கள் எடுத்துப் போய்விட்டார்கள். அது சரியா தப்பா என்று வழக்குப் பேச வரவில்லை. தறிக்கூடையை மட்டும் யாரும் தொடவில்லை, அதில் அவன் பொருள் இருக்கிறது என்று யாருக்கும் தோன்றவில்லை.

அய்யன் நாலு மாசம் தறியில் இறங்கவே இல்லை. தறியில் நீளவாக்கில் கட்டி அரைகுறையாய் நின்ற பாவு நூல் அப்படியே தூசி பிடித்துக் கிடந்தது. மாசி வாக்கில் ஒரு நாள் இறங்கினார். கூடையில் கைவிட்டு ஒரு தாரை எடுத்து நாடாவில் போட்டு ஓட்டியிருக்கிறார். சிவப்பு, சிவப்பு, சிவப்பு, அப்புறம் பச்சை. மிதியில் வைத்த காலை எடுக்காமல் உட்கார்ந்திருந்தார். சாப்பிடக் கூப்பிடப் போன பாப்பாதான் (மூத்தவள், அப்போது பன்னிரண்டு வயசு) பார்த்துவிட்டு ஓடிவந்து சொன்னாள்.

கூடையைக் கொட்டிப் பார்த்தால் அந்த மாதிரி இன்னும் பதினொன்று இருந்தது. அதைத் தனியாக ஒரு ஜமக்காளமாக நெய்யலாம் என்று சொன்னது பாப்பாதான். என் வீட்டம்மா ஒத்துக்கொள்ளவில்லை. "நெய்ஞ்சா அவன் சுத்துனது பிரிஞ்சு போயிருமுங்க, அப்பறம் வெறும் குச்சிதான் இருக்கும்" என்றாள். அதற்கு என்ன பதில் சொல்வது? ஆடி வரைக்கும் யாரும் அந்தப் பேச்சை எடுக்கவில்லை. கடைசியில் அவளே வந்து, "பத்து எடுத்துக்கங்க மாமா, ஒண்ணு எனக்கு" என்று அய்யனிடம் சொன்னாள். "செரி அம்மிணி" என்றார், அவ்வளவுதான்.

மூன்றுக்கு ஆறடியில் சின்னதாகத்தான் பாவு போட்டோம். பத்துத் தாரும் ஒரு சாண்கூடத் தேறவில்லை. ஜமக்காள நூல் தடிமன், ஊடை பாவையே மூடிவிடும், நிறைய இழுக்கும். மிச்சத்துக்கு நாங்கள் உட்கார்ந்து அவனை மாதிரியே கலர் மாற்றிச் சுற்றினோம். எனக்கு வரவில்லை. அடுத்த கலர் எது என்று யோசித்து யோசித்துச் சுற்றினால் கட்டம் போட்ட மாதிரி ஒழுங்காக வந்து நிற்கிறது. பாப்பாவுக்கு மட்டும் வந்தது. அவன் போட்ட முடிச்சும் நெசவுக்காரன் முடிச்சு இல்லை, ஷூ லேஸ் முடிச்சு. நாடாக் கண்ணில் வந்து சிக்கும். அய்யன் ஒன்றைக்கூட அவிழ்த்துத் திருப்பிப் போடவில்லை, ஒவ்வொன்றையும் விரலால் இழுத்துவிட்டு நெய்தார். இன்றைக்கும் அந்த ஒரு சாண் இடத்தில் உட்கார்ந்தால் கொட்டை கொட்டையாகத் தொடையில் குத்தும்.

என் பங்காளி ஒருத்தர் "பையன் பேரையும் போட்ரலாமே" என்றார். கல்யாணத்துக்குப் பேர் போட்டு நெய்வது வழக்கம்தானே. அய்யன், "பேரு போட்டா மிதிப்பாங்களே" என்றார். போடவில்லை.

கேள்விக்குச் சம்பந்தமில்லாத ஒன்று, ஆனால் சொல்லாமல் இருக்க முடியவில்லை. இதற்கு நூல் வாங்கப் போனபோது ஒரு கடையில் "எதுக்குங்க இந்தப் பாடு, பவானி ஜமக்காளம் பாதி வெலைக்கே தாரேன்" என்று எடுத்துப் போட்டார்கள். அத்தனையும் விசைத்தறி. 1985-ல் போட்ட சட்டத்தின்படி கைத்தறிக்கென்று ஒதுக்கிய ரகங்களில் ஜமக்காளமும் ஒன்று. புவிசார் குறியீடு வந்தது 2005-06-ல். இத்தனைக்கும் பிறகு பவானிக்காரனிடமே விசைத்தறியைப் பவானி என்று விற்கிறார்கள். அய்யனுக்குக் கூலி என்ன வருகிறது என்று சொன்னால் நம்ப மாட்டீர்கள், அதனால் சொல்லவில்லை.

சரி, விஷயத்துக்கு வருகிறேன். ஆறுதல் தந்ததா என்றால், நெய்து முடித்த அன்று ராத்திரி வீட்டில் யாரும் சாப்பிடவில்லை. வெசனம் ஒன்றும் குறையவில்லை. ஆனால் அதுவரைக்கும் அவன் பேரை எடுக்காமல் இருந்த வீட்டில், தார் சுற்றிய ஒன்றரை மாசமும் அவனைத் திட்டிக்கொண்டே இருந்தோம். "இந்தக் கழுதை எப்படித்தான் இப்பிடிச் சுத்துனானோ" என்று என் வீட்டம்மா சொன்னபோது அய்யன் சிரித்தார்.

உடனே "துக்கத்தைப் பொருளில் ஏற்றுவது சரியல்ல, மனநல ஆலோசகரைப் பாருங்கள்" என்று கீழே எழுத வருவார்கள். பாருங்கள், நான் வேண்டாமென்று சொல்லவில்லை. எங்களுக்கு நடந்ததைத்தான் சொல்கிறேன். போட்டோ கேட்காதீர்கள், போட மாட்டேன். கண்ணாடிப் பெட்டியிலும் வைக்கவில்லை. ஆடிப் பதினெட்டுக்கு ஆறுகள் சேர்கிற கூடுதுறைக்கு எடுத்துப் போய் விரித்துக் கட்டுச்சோறு சாப்பிடுகிறோம், ஒரு ஓரத்தில் புளிக்கறைகூட இருக்கிறது.

அந்தப் பதினோராவது தார் என் வீட்டம்மாவின் பீரோவில் இருக்கிறது. மேல் சுற்று நீலம். அதற்கு அடியில் என்ன கலர் என்று பிரித்தால்தான் தெரியும்.