வான்கூவர் போகிறேன். கனடா பூர்வகுடிகளின் இன்றைய கலையை எங்கே பார்க்கலாம்? உருவங்கள் செதுக்கிய டோட்டெம் மரக்கம்பங்கள் மட்டும்தானா?

கம்பங்கள் மட்டும் இல்லை. அவை நிற்கும் ஸ்டான்லி பூங்காவில் நாலு படம் எடுத்துக்கொண்டு திரும்பிவிடாமல், பேருந்து ஏறி பிரிட்டிஷ் கொலம்பியா பல்கலைக்கழக வளாகத்துக்குப் போங்கள். அந்த வளாகம் இருப்பதே மஸ்க்வியம் என்ற பூர்வகுடி மக்களின் நிலத்தில்; எந்த ஒப்பந்தத்திலும் அவர்கள் அதை எழுதிக்கொடுக்கவில்லை.

எல்லோரும் முதலில் கைகாட்டுவது அங்குள்ள மானுடவியல் அருங்காட்சியகத்தை. ஆர்தர் எரிக்சன் வடிவமைத்த 1976-ஆம் ஆண்டுக் கட்டடம். பழைய இருபது டாலர் நோட்டில் வந்த பூர்வகுடிச் சிற்பி பில் ரீடின் அண்டங்காக்கைச் சிற்பம் அங்கேதான் இருக்கிறது. அவசியம் பாருங்கள். ஆனால் பழைய முகமூடிகளைப் பார்க்கும்போது ஒன்றை நினைவில் வையுங்கள்: 1885 முதல் 1951 வரை இந்தக் கரையோர மக்களின் பொட்லாட்ச் என்ற, விருந்தும் பரிசளிப்பும் சேர்ந்த சடங்கையே கனடா சட்டம் போட்டுத் தடுத்திருந்தது. அந்தக் காலத்தில் பறிக்கப்பட்ட முகமூடிகள் பல அருங்காட்சியகங்களுக்குப் போய்ச் சேர்ந்தன.

அதே அருங்காட்சியகம் 2016-இல் பூர்வகுடி ஓவியர் லாரன்ஸ் பால் யுக்ஸ்வெலுப்டனுக்குப் பெரிய தனிக்காட்சி வைத்தது. எனக்கு இவர்தான் முக்கியம். மரபான முட்டை வடிவங்களை எடுத்து மலை, மரம், மனிதர் எல்லாவற்றையும் கட்டுகிறார். நிறங்களோ கண்ணைப் பறிக்கும். அழகாக இருக்கிறதே என்று நெருங்கினால், மொட்டையடிக்கப்பட்ட காடும் கோட்டு சூட்டு போட்ட எண்ணெய் முதலாளிகளும் நிற்பார்கள். பூர்வகுடி ஓவியன் என்றால் கழுகும் சால்மனும் வரைந்து நினைவுப்பொருள் கடைக்குக் கொடுக்க வேண்டும் என்று எதிர்பார்க்கிறவர்களுக்கு இவரைப் பிடிக்காது. பூர்வகுடிகளை 'இந்தியர்' என்றழைத்து அடக்கிவைத்த கனடாவின் 'இந்தியர் சட்ட'த்தின் பிரதிகளை 1997-இல் இங்கிலாந்தில் துப்பாக்கியால் சுட்டு, அதையே கலைப்படைப்பாக்கியவர் இவர்.

வளாகத்துக்குள்ளேயே பெல்கின் கலைக்கூடம் இருக்கிறது. சின்னதுதான், நுழைவு இலவசம். அவர்கள் பராமரிக்கும் வெளிப்புறப் படைப்புகளில் அமெரிக்கப் பூர்வகுடிக் கலைஞர் எட்கர் ஹீப் ஆஃப் பேர்ட்ஸின் பலகைகளைத் தவறவிடாதீர்கள். பார்க்கச் சாதாரண அரசாங்க அறிவிப்புப் பலகை போலவே இருக்கும். மேலே மாகாணத்தின் பெயர் தலைகீழ் வரிசையில், கண்ணாடியில் தெரிவதுபோல. கீழே 'இன்று உங்களை உபசரிப்பவர்கள் மஸ்க்வியம்' என்ற வாசகம். ஒவ்வொரு பலகையிலும் ஒவ்வொரு இனத்தின் பெயர். மாணவர்கள் பாதி பேர் போனைப் பார்த்தபடி கடந்துவிடுகிறார்கள், அது வேறு கதை.

வளாகத்தின் மெயின் மால் நடைபாதையில் ஹைடா என்ற பூர்வகுடி இனத்துக் கலைஞர் ஜேம்ஸ் ஹார்ட் செதுக்கிய கம்பம் 2017-இல் நிறுத்தப்பட்டது. கம்பம் என்றாலே பழமை என்று நினைப்பவர்கள் இதன் அருகில் போய் நிற்க வேண்டும். நடுவில் ஓர் உறைவிடப் பள்ளி செதுக்கப்பட்டிருக்கிறது. பூர்வகுடிக் குழந்தைகளைப் பெற்றோரிடமிருந்து பிரித்து அடைத்துவைத்த பள்ளிகளில் ஒன்று. மரத்தில் ஆயிரக்கணக்கில் செம்பு ஆணிகள் தெரியும். அத்தகைய பள்ளிகளில் இறந்த குழந்தைகளுக்காக அடித்தவை. அந்தப் பள்ளிகளிலிருந்து தப்பிப் பிழைத்தவர்களும் ஆணி அடித்தவர்களில் உண்டு.

பெல்கினில் ஒரு காட்சி முடிந்து அடுத்தது தொடங்கும்வரை மூடிவிடுவார்கள். கிளம்புமுன் அவர்கள் இணையதளத்தைப் பார்த்துக்கொள்ளுங்கள். மானுடவியல் அருங்காட்சியகத்துக்கு டிக்கெட் உண்டு.