ஐந்தாம் மாதத்தில் குடலுக்குள் குழாய் விடலாமா?

"ஐந்து மாதம் ஆகிறது. இரண்டு வாரமாகத் தினமும் ஏழெட்டுத் தடவை வயிற்றுப்போக்கு. ரத்தமும் சளியும் போகிறது. டாக்டர் குழாய் விட்டுப் பார்க்கணும் என்கிறார். பிரசவம் வரை தள்ளிப்போடலாமா?" என்று ஒரு வாசகி கேட்கிறார்.

தள்ளிப்போடாதீர்கள். முக்கும்போது சொட்டுச் சொட்டாக ரத்தம் வந்தால் பெரும்பாலும் மூலம், அல்லது ஆசனவாய் வெடிப்பு. அதற்கு ஆசனவாயை மட்டும் பார்த்தாலே அநேகமாகப் போதும். உங்களுடையது வேறு. முதலில் மலப் பரிசோதனையில் கிருமி, அமீபா இருக்கிறதா என்று பார்ப்பார்கள். இல்லையென்றால் குடல் புண் நோயாக (குடலின் உட்சுவர் நாள்பட அழன்று புண்ணாவது; வயிற்று அல்சர் அல்ல) இருக்கலாம். அதைக் கவனிக்காமல் விட்டால் குறைப்பிரசவம், எடை குறைந்த குழந்தை என்று சிக்கல் வரலாம். அதோடு ஒப்பிட்டால் குழாயால் வரும் ஆபத்து சிறியது. நான்காம் மாதம் முதல் ஆறாம் மாதம் வரை இதற்கு ஏற்ற காலம்தான்.

டாக்டரிடம் ஒன்று கேளுங்கள்: எந்தக் குழாய்? பெருங்குடல் முழுவதையும் பார்க்கும் கொலோனோஸ்கோப்பி பெரும்பாலும் தேவைப்படாது. இடப்பக்கக் குடலை சுமார் 60 செ.மீ. வரை பார்க்கும் சிக்மாய்டோஸ்கோப்பி போதும். குடல் புண் நோய்களில் ஒன்றான அல்சரேட்டிவ் கொலைட்டிஸ் மலக்குடலில்தான் தொடங்கும். அங்கேயே தெரிந்துவிடும், பரிசோதனைக்குச் சதைத் துணுக்கும் எடுக்கலாம். பத்துப் பதினைந்து நிமிட வேலை. மயக்க மருந்தில்லாமலே பலரால் தாங்க முடியும். வயிற்றைக் காலி செய்ய வெறும் தண்ணீர் எனிமா போதும். விளக்கெண்ணெய் மட்டும் வேண்டவே வேண்டாம், கருப்பையைச் சுருங்க வைக்கும். சோடியம் பாஸ்பேட் கரைசலும் கூடாது. உடம்பின் நீரையும் உப்பையும் குலைத்துவிடும்.

மேசையில் இடப்பக்கமாகச் சாய்ந்து படுக்க வைப்பார்கள். மல்லாந்து படுத்தால் கருப்பையின் கனம் முதுகெலும்பை ஒட்டிய பெரிய ரத்தக்குழாய்களை அழுத்தும்; உங்கள் ரத்த அழுத்தம் இறங்கி, குழந்தைக்குப் போகும் ரத்தமும் குறையும். குழாய் சுலபமாக நுழையட்டும் என்று உதவியாளர் வயிற்றை அழுத்துவதும் கூடாது. முன்னும் பின்னும் குழந்தையின் இதயத்துடிப்பைக் கேட்க வேண்டும். தூக்க மருந்து தவிர்க்க முடியாதென்றால் மயக்க மருந்து நிபுணர் உடனிருக்கட்டும். பாலிப் (குடல் சுவரில் முளைக்கும் சிறு சதை வளர்ச்சி) ஏதும் தென்பட்டால், புற்றுநோய்ச் சந்தேகமோ அதிக ரத்தப்போக்கோ இல்லாதவரை, அதை அகற்றுவது பிரசவத்துக்குப் பிறகுதான்.

வீடு திரும்பியபின் வயிறு விட்டு விட்டு இறுகினாலோ, பிறப்புறுப்பில் ரத்தமோ நீரோ கசிந்தாலோ, வயிறு உப்பிக் கடுமையாக வலித்தாலோ, காய்ச்சல் வந்தாலோ விடியட்டும் என்று காத்திருக்காமல் உடனே பிரசவ வார்டுக்குப் போய்விடுங்கள்.