பழைய டைவிங் ஸ்கூட்டருக்கு லித்தியம் பேட்டரி: வயரைத் தொடுமுன் எடை போடுங்கள்

கேள்வி: என்னிடம் இருபது வருடப் பழைய 24 வோல்ட் டைவிங் ஸ்கூட்டர் (நீருக்கடியில் நீந்துபவரை இழுத்துச் செல்லும் கருவி) இருக்கிறது. மோட்டார் நன்றாக ஓடுகிறது. உள்ளே இருந்த இரண்டு 12 வோல்ட், 18 ஆம்பியர்-மணி ஈய-அமில பேட்டரிகள் செத்துவிட்டன. அந்த இடத்தில் லித்தியம் பேட்டரியைப் போட்டால் போதுமா, வேறு ஏதாவது மாற்ற வேண்டுமா?

பதில்: லித்தியம் தாராளமாகப் போடலாம். ஆனால் வயரிங் இதில் சின்ன வேலைதான். பலர் கோட்டை விடுவது எடையில்.

அந்த இரண்டு ஈய பேட்டரிகளும் சேர்ந்து சுமார் 11, 12 கிலோ வரும். அதே அளவு மின்சாரம் தரும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் தொகுப்பு 5 கிலோவைச் சுற்றித்தான் இருக்கும். உடலின் கன அளவு மாறவில்லை, எடை மட்டும் 6, 7 கிலோ குறைந்துவிட்டது. அப்படியே தண்ணீரில் இறக்கினால் ஸ்கூட்டர் அத்தனை கிலோ விசையோடு மேலே இழுக்கும். கயிற்றால் உங்களோடு கட்டியிருந்தால் உங்களையும் சேர்த்து இழுக்கும்.

அதனால் செத்த பேட்டரிகளைத் தூக்கிப் போட்டுவிடாதீர்கள். அவற்றை உள்ளே வைத்து மூடி, மொத்த எடையைக் குறித்துக்கொள்ளுங்கள். பிறகு ஒரு குழாயின் மேல் ஸ்கூட்டரைக் குறுக்காகக் கிடத்தி, எந்த இடத்தில் சமமாக நிற்கிறதோ அங்கே உடலில் ஒரு கோடு போடுங்கள். புதிய பேட்டரியும், குறைந்த எடையை ஈடுகட்ட ஈயத் தகடுகளும் வைத்த பிறகு அதே எடை வர வேண்டும், அதே கோட்டில் சமன் நிற்க வேண்டும். முன்பக்கம் கனத்தால் மூக்கு தொங்கும். ஓட்டும் நேரமெல்லாம் மணிக்கட்டு அதைத் தூக்கிப் பிடித்துக்கொண்டே இருக்கும். தகடுகளை உடலின் அடிப்பக்கத்தில், அசையாதபடி பிணையுங்கள். புரொப்பல்லர் சுற்றும்போது உடல் எதிர்ப்பக்கம் உருளப் பார்க்கும். அடியில் இருக்கும் எடை அதைத் தடுக்கும். நன்னீரில் சரிசெய்தது கடலுக்குப் பொருந்தாது: 30 லிட்டர் கன அளவுள்ள ஸ்கூட்டருக்குக் கடலில் முக்கால் கிலோ கூடுதலாகத் தேவைப்படும்.

இனி மின்சாரம். 24 வோல்ட்டுக்கு 8 செல்களைத் தொடராக இணைத்த தொகுப்பு, அதாவது 25.6 வோல்ட், பழைய மோட்டார் இதைத் தாங்கும். பி.எம்.எஸ் பலகையை (பேட்டரியைக் கண்காணித்து, வரம்பு மீறினால் மின்சாரத்தைத் துண்டிக்கும் மின்சுற்று) தேர்ந்தெடுப்பதில்தான் கவனம் வேண்டும். பழைய ஸ்கூட்டர்களில் ரிலே (மின்சாரத்தால் இயங்கும் சுவிட்ச்) நேரடியாக மோட்டாரை இயக்கும். ஓடும்போது 20 ஆம்பியர் இழுக்கும் மோட்டார், கிளம்பும் நொடியில் அதைப்போல் பல மடங்கு இழுக்கும். 20, 30 ஆம்பியர் பலகை போட்டால் ஒவ்வொரு முறை ஸ்கூட்டரை ஓட்டும் விசையை (டிரிகரை) அழுத்தும்போதும் அது துண்டித்துவிடும். 60 ஆம்பியராவது இருக்கட்டும். பேட்டரியின் நேர்முனைக்கு அருகிலேயே ஒரு ஃப்யூஸ் கட்டாயம். ரிலேயின் தொடுமுனைகள் கருகியிருந்தால் ரிலேயையே மாற்றுங்கள்: அவை ஒட்டிக்கொண்டால் விசையை விட்டாலும் மோட்டார் நிற்காது.

பழைய சார்ஜரை இதற்குப் பயன்படுத்தாதீர்கள். 29.2 வோல்ட்டில் நிற்கும் லித்தியம் இரும்பு பாஸ்பேட் சார்ஜர் வேண்டும். எந்த பேட்டரியானாலும் மூடியைத் திறந்து வைத்தே சார்ஜ் செய்யுங்கள். ஈய-அமில பேட்டரி ஹைட்ரஜன் விடும். காற்றில் 4 சதவீதம் சேர்ந்தாலே அது தீப்பற்றும், ரிலேயின் ஒரு பொறி போதும். லித்தியம் போட்டாலும் இந்த ஆபத்து முழுதாகப் போகாது. உள்ளே கடல்நீர் புகுந்தால் மின்பகுப்பு நடந்து வாயு சேரும். நனைந்த ஸ்கூட்டரைத் திறக்கும்போது மூடிக்கு நேரே முகமோ கையோ இருக்கக் கூடாது.

இத்தனை வருடம் ஆன ரப்பரை நம்பாதீர்கள். எல்லா ஓ-ரிங்குகளையும் (மூடியில் நீர் புகாமல் தடுக்கும் ரப்பர் வளையங்கள்), ஷாஃப்ட் சீலையும் (புரொப்பல்லர் தண்டைச் சுற்றி நீரைத் தடுக்கும் ரப்பர்) புதிதாகப் போடுங்கள். ஷாஃப்டில் நகத்துக்குத் தட்டுப்படும் பள்ளம் இருந்தால் புது சீலும் ஒழுகும். சீலை ஓரிரு மில்லிமீட்டர் தள்ளிப் பொருத்துங்கள், அல்லது ஷாஃப்டுக்கு உறை போடுங்கள். பிறகு உள்ளே அழுத்தம் வெளிக்காற்றைவிட 0.2 பார் குறையும்படி காற்றை உறிஞ்சி அரை மணி நேரம் பாருங்கள். அழுத்த அளவியின் முள் அசையக் கூடாது. காற்றை உள்ளே அடைத்துச் சோதிக்காதீர்கள். மூடி பறக்கும், சீலும் தலைகீழான திசையில் சோதிக்கப்படும். முதல் இறக்கத்துக்கு பேட்டரியை எடுத்துவிட்டு, அதே எடையை வைத்து, கயிற்றில் கட்டி ஆழத்தில் விட்டுப் பாருங்கள். 30 மீட்டரில் 20 செ.மீ. விட்டமுள்ள மூடியின் மேல் ஏறத்தாழ 940 கிலோ அழுத்துகிறது. ஆனால் இந்த அழுத்தமே ஓ-ரிங்கை இறுக்கவும் செய்யும், அதனால் பல ஒழுகல்கள் மேலே 2, 3 மீட்டரில்தான் தெரியும். அங்கேயும் சில நிமிடம் நிறுத்துங்கள்.

ஓட்டும் பழக்கத்திலும் ஒன்றை மாற்ற வேண்டும். 18 ஆம்பியர்-மணி என்பது 20 மணி நேரம் மெல்ல இறக்கும் கணக்கு. 20 ஆம்பியர் இழுத்தால் ஈய-அமில பேட்டரி 10, 11 ஆம்பியர்-மணிதான் தரும், அரை மணி நேரத்து ஓட்டம். 20 ஆம்பியர்-மணி லித்தியம் ஏறக்குறைய முழுதையும் தந்து ஒரு மணி நேரம் ஓடும். ஈய-அமிலம் தீரும்போது வேகம் தளர்ந்து முன்கூட்டியே சொல்லிவிடும். லித்தியம் கடைசி வரை ஒரே வேகத்தில் போய், பி.எம்.எஸ் துண்டித்ததும் சட்டென்று நிற்கும். ஆகவே மோட்டார் ஓடிய நிமிடங்களைக் கடிகாரத்தில் எண்ணுங்கள். நிமிடத்துக்கு 45 மீட்டர் போகிற ஸ்கூட்டரில் 20 நிமிடம் போனால் 900 மீட்டர். நிமிடத்துக்கு 15 மீட்டர் துடுப்படித்துத் திரும்ப ஒரு மணி நேரம் ஆகும். சிலிண்டரில் அதற்கான காற்று இருக்கும் தூரமே உங்கள் எல்லை. பேட்டரி எவ்வளவு பெரிதானாலும் அது நீளாது.

மேலே வரும்போது விசையிலிருந்து விரலை எடுத்துவிடுங்கள். ஏற்றம் நிமிடத்துக்கு 9 மீட்டருக்கு மேல் போகக் கூடாது. ஸ்கூட்டர் அதைப்போல் ஐந்து மடங்கு வேகத்தில் ஏற்றிவிடும்.