பழைய வெள்ளை ஒயின் – கடிதம்

அன்புள்ள ஐயா,

பிரான்ஸில் ஆன்ஜே நகரில் வேலை செய்கிறேன். சென்ற வாரம் என் மேலதிகாரி தன் வீட்டு விருந்தில் ‘கூலே து செரான்’ என்ற இருபது வருடப் பழைய வெள்ளை ஒயினைக் குளிர்பதனப் பெட்டியிலிருந்து எடுத்து அங்கேயே திறந்து ஊற்றினார். நிறம் நல்லெண்ணெய் போல் இருந்தது. எனக்குப் புளிப்பும் ஏதோ கொட்டை வாசனையும்தான் தெரிந்தன. மற்றவர்கள் கண்ணை மூடிக்கொண்டு பாராட்டினார்கள். நானும் தலையாட்டி வைத்தேன். எனக்கு ருசி தெரியவில்லையா, அவர்கள் நடிக்கிறார்களா?

ச.

அன்புள்ள ச.,

ஓரிருவர் நடித்திருப்பார்கள், ஒயின் மேஜையில் அது வழக்கம்தான். ஆனால் உங்கள் நாக்கில் கோளாறு இல்லை. கோளாறு பரிமாறிய விதத்தில்.

நிறத்தைக் கண்டு மிரள வேண்டாம். வயது ஏற ஏறச் சிவப்பு ஒயின் வெளிறும், வெள்ளை ஒயின் கருக்கும். பெரும்பாலான வெள்ளை ஒயின்களைச் சில வருடங்களுக்குள் குடித்துவிட வேண்டும். வைத்திருந்தால் பழ வாசனை போய்ச் சப்பென்று ஆகிவிடும். பழையது என்பதற்காகவே ஒன்றைக் கொண்டாடுகிறவர்களை நான் நம்புவதில்லை. நீங்கள் குடித்த ஒயின் ஷெனான் பிளான் என்ற திராட்சையில் செய்தது. அதன் கதை வேறு. நீங்கள் குறையாகச் சொன்ன புளிப்புதான் அதை இருபது, முப்பது வருடங்கள் காப்பாற்றுகிறது. அதற்குள் பழ வாசனை பின்வாங்கி, தேன், தேன்மெழுகு, வால்நட் எல்லாம் மேலே வந்துவிடும். நீங்கள் முகர்ந்த கொட்டை வாசனை அதுதான்.

கூலே து செரான் என்பது அந்தத் திராட்சை விளையும் தோட்டத்தின் பெயரும்தான். அது உங்கள் ஊருக்குப் பக்கத்திலேயே, லுவார் ஆற்றின் வடகரையில், சவென்னியேரில் இருக்கிறது. சிஸ்டர்சியன் என்ற கிறிஸ்தவ சபைத் துறவிகள் 1130-இல் கொடி நட்ட பாறைச் சரிவு. ஏறக்குறைய 7 ஹெக்டேர்தான். ஆனாலும் தனக்கென்று தனி அப்பெல்லாசியோன், அதாவது சட்டம் காக்கும் விளைவிடப் பெயர், பெற்ற தோட்டம். பிரெஞ்சு உணவு ரசிகர் குர்நோன்ஸ்கி தன் நாட்டின் மிகச் சிறந்த ஐந்து வெள்ளை ஒயின்களில் இதையும் இக்கெம், மோன்ராஷே ஆகியவற்றையும் சேர்த்தார். 1962-இல் ஜோலி குடும்பம் வாங்கியது. வங்கி வேலையை விட்டு வந்த நிக்கோலா ஜோலி, மாட்டுக் கொம்பில் சாணம் அடைத்துப் புதைக்கும் உயிராற்றல் வேளாண்மைக்கு மாறினார். கொம்பில் எனக்கு நம்பிக்கை இல்லை. களைக்கொல்லியை நிறுத்தியதில் உண்டு.

ஜோலி சொல்லும் முறை இது: முந்தின நாளே திறந்து காற்றாட விட வேண்டும், 14 டிகிரி அளவில் ஊற்ற வேண்டும். உங்களுக்குக் கிடைத்ததோ நேர் எதிர். குளிர் வாசனையை அடைத்துவிடும், புளிப்பை மட்டும் முன்னால் தள்ளும்.

பாட்டிலே கெட்டிருக்கவும் வாய்ப்புண்டு. இந்தத் தோட்டத்து ஒயின் பாட்டிலுக்குப் பாட்டில் மாறுகிறது என்று விமர்சகர்கள் குறைப்படுவது நியாயமே. விழுங்கிய பிறகு சுவை நாக்கில் நின்றதா என்று நினைத்துப் பாருங்கள். நின்றிருந்தால் ஒயின் உயிரோடுதான் இருந்தது. வெட்டி வைத்துப் பழுப்பேறிய ஆப்பிள் வாசனை மட்டும் வந்து, சுவை உடனே அற்றுப் போயிருந்தால், பாராட்டியவர்கள் லேபிளைத்தான் பாராட்டினார்கள்.

மேலதிகாரியிடம் இன்னொரு பாட்டில் இருந்தால், முந்தின நாளே திறக்கச் சொல்லுங்கள். அதை அவர் மனம் கோணாமல் சொல்வது உங்கள் சாமர்த்தியம்.