துருப்பிடித்த பழைய வில்லுக்கத்தியைச் சாணைக்குக் கொடுக்கலாமா? இத்தகைய கத்திகளைச் சேர்ப்பதென்றால் எதைப் பார்த்து வாங்குவது?

அப்பப்பாவின் றங்குப்பெட்டிக்குள் திறக்க முடியாதபடி துருவேறிய வில்லுக்கத்தி (அலகைப் பிடிக்குள் மடித்து வைக்கும் கத்தி) ஒன்று கிடைத்ததாகவும், அதைச் சாணை பிடித்துப் புதிதாக்க எண்ணுவதாகவும், இப்படியான கத்திகளைத் தொடர்ந்து சேர்க்க விரும்புவதாகவும் எழுதியிருக்கிறீர்கள். தயவுசெய்து சாணைக்குக் கொடுக்காதீர்கள். மற்ற எல்லாவற்றையும் ஆறுதலாகப் பேசலாம். இதை மட்டும் முதலில் சொல்லிவிட வேண்டும் என்பதற்குக் காரணம் என்னுடைய சொந்த இழப்பு.

என் அம்மப்பா மலாயாவில் புகையிரதப் பகுதியில் எழுதுவினைஞராக இருந்து, பென்சனோடு ஊருக்குத் திரும்பியவர். அங்கிருந்து கொண்டுவந்த பொருள்களில் இரண்டு அலகுள்ள ஒரு கத்தியும் இருந்தது, பிடி மரைக்கொம்பு. பின்னேரங்களில் விறாந்தையில் இருந்துகொண்டு பச்சை மாங்காயை மெல்லிய துண்டுகளாகச் சீவி, ஒவ்வொரு துண்டாக அலகின் நுனியில் வைத்தே எங்களுக்கு நீட்டுவார். பல்லாண்டுகளாக மாங்காய்ப் புளி பட்டுப்பட்டு அலகு மயில்கழுத்து போல நீலமும் கருமையும் கலந்து கிடந்தது. அவர் காலமான பிறகு, அந்தக் கறையை அழுக்கென்று நினைத்து, அவருடைய பொருளைத் துலக்கி வைப்பது மரியாதை என்ற எண்ணத்தில், பட்டணத்தில் சாணை பிடிக்கும் ஒருவரிடம் கொடுத்தேன். அரை மணித்தியாலத்தில் கத்தி கண்ணாடி போலத் திரும்பி வந்தது. அலகின் அடிப்பகுதியில், பிடியோடு சேரும் இடத்தில், முன்பு ஒரு சிறிய நட்சத்திரமும் அதன் பக்கத்தில் ஒரு சிலுவையும், கீழே இரண்டு வரி எழுத்தும் இருந்தன. இப்போது அங்கே நட்சத்திரத்தின் இரண்டு முனைகள் மட்டுமே தடவினால் தெரிகின்றன.

அழிந்துபோனது என்னவென்று பல வருடங்கள் கழித்தே அறிந்துகொண்டேன். நட்சத்திரமும் மால்ட்டாச் சிலுவையும் இங்கிலாந்தின் ஷெஃபீல்ட் நகரத்து ஜோசப் ரொட்ஜர்ஸ் நிறுவனத்தின் முத்திரை. அந்நகரத்துக் கத்தித் தொழிலாளருக்கு 1624இல் நாடாளுமன்றச் சட்டத்தினால் ஒரு சங்கம் அமைக்கப்பட்டு, ஒவ்வொரு தொழிலாளியின் முத்திரையும் அதில் பதியப்பட்டு வந்தது. ஆகவே அலகின் அடியில் உள்ள அந்தச் சிறிய பொறிப்பு கத்தியின் பிறப்புச் சான்றிதழ் போன்றது. ரொட்ஜர்ஸ் கத்திகளிற் பலவற்றில் நோர்போக் வீதி, ஆறாம் இலக்கம் என்ற முகவரியையும் காணலாம். கிரீடத்தின் இரு புறமும் வீ, ஆர் என்ற ஆங்கில எழுத்துகள் இருந்தால் அது 1837 முதல் 1901 வரையான விக்டோரியா மகாராணியின் ஆட்சிக்காலத்தைக் குறிக்கும். ஜீ, ஆர் என்பது ஜோர்ஜ் என்ற பெயருள்ள மன்னர்களுக்கு உரியது. என் அம்மப்பாவின் கத்தியில் அந்தக் கிரீடம் இருந்ததா என்பதை இனி யாராலும் சொல்ல முடியாது.

காலத்தைக் கணிக்க வேறு சில பிடிமானங்களும் உண்டு. அமெரிக்கா 1890இல் இயற்றிய சுங்கச் சட்டம் இறக்குமதிப் பொருள்களில் அவை செய்யப்பட்ட நாட்டின் பெயரைக் கேட்டதனால், நகரத்தின் பெயரோடு நாட்டின் பெயரையும் பொறிக்கும் வழக்கம் அதற்குப் பின்னரே பரவியது. துருப்பிடிக்காத உருக்கை ஹரி பிரியர்லி ஷெஃபீல்டில் உருவாக்கியது 1913இல். ஆகையால் அலகில் 'ஸ்டெயின்லெஸ்' என்று பொறித்த கத்தியை யாராவது விக்டோரியா காலத்தது என்று விற்க வந்தால் அதை நம்ப வேண்டியதில்லை. ஷெஃபீல்டின் புகழைப் பயன்படுத்தி வேறு நாடுகளில் செய்த மலிவுக் கத்திகளிலும் அந்நகரத்தின் பெயரைப் பொறித்து விற்ற காலம் ஒன்று இருந்தது. 1887ஆம் ஆண்டின் பிரித்தானிய வணிகக்குறிச் சட்டம் அதைத் தடுக்கவே வந்தது. அதற்காக ஜேர்மனியின் சோலிங்கன் நகரத்துக் கத்திகளைக் குறைவாக எண்ணிவிட வேண்டாம். தன் சொந்தப் பெயரைத் தாங்கிய நல்ல சோலிங்கன் கத்தி எந்த ஷெஃபீல்ட் கத்திக்கும் ஈடானது.

யாழ்ப்பாணத்தில் இருந்து இதைச் சேர்ப்பவருக்கு, வெளியூர்ச் சேகரிப்பாளருக்கு வாய்க்காத ஒரு செல்வமும் இருக்கிறது. பேனாக்கத்தி என்ற பெயர் வந்தது, இறகுப் பேனாவின் முனையைச் சீவுவதற்கு ஐரோப்பியர் சிறு கத்தி வைத்திருந்ததனால். நம்மவர் ஏட்டில் எழுதிய காலத்தில், ஓலையை வாரித் திருத்தக் கத்தியும் எழுத எழுத்தாணியும் தேவைப்பட்டன. இரண்டையும் ஒரே பிடிக்குள் மடித்து வைக்கும்படி செய்ததே மடக்கெழுத்தாணி. ஒரு பக்கம் விரித்தால் கூர் ஆணி, மறுபக்கம் விரித்தால் கத்தி. எங்கோ ஷெஃபீல்டிலும் இங்கே நம் ஊர்க் கம்மாலைகளிலும் மடிக்கும் கத்தி எழுத்து வேலைக்குத் துணையாகவே சட்டைப்பையிலும் மடியிலும் இடம்பிடித்தது என்பது என்னை இன்றுவரை ஈர்க்கும் செய்தி. நாட்டு வைத்தியர், சோதிடர், புராணபடனம் செய்தவர் ஆகியோரின் பழைய வீடுகளில் இவை கிடைக்கக்கூடும். கிடைத்தால் ஏடுகளிலிருந்து பிரித்து எடுக்க வேண்டாம். எந்த ஏட்டோடு இருந்ததோ அதோடு இருக்கும்போதுதான் அதற்குப் பொருள்.

சைக்கிளில் வரும் பழைய இரும்பு வியாபாரிகளிடம் சொல்லி வைத்தால் நாளடைவில் கத்திகள் வந்து சேரும். கையில் எடுத்தவுடன் பளபளப்பைப் பார்க்காமல் அலகின் அகலத்தைப் பாருங்கள். அடிப்பகுதி அகலமாகவும் நடுப்பகுதி தேய்பிறை போல ஒடுங்கியும் இருந்தால் அளவுக்கு மீறித் தீட்டப்பட்டது. பிறகு மெதுவாகத் திறவுங்கள். வில்லுக்கத்தி என்று நம்மவர் வைத்த பெயர் மிகப் பொருத்தமானது; பிடியின் முதுகிலுள்ள உருக்கு வில்தான் கத்தியின் உயிர். நல்ல வில் அலகைக் கடைசி வரை தடுத்து வைத்திருந்து, பின்னர் 'டக்' என்ற தெளிவான ஓசையோடு இழுத்து நிறுத்தும். மூடும்போதும் அதே ஓசை வர வேண்டும். ஓசை மந்தமாக இருந்தால் வில் தளர்ந்திருக்கும், அல்லது உள்ளே அழுக்கு அடைத்திருக்கும். அழுக்கு என்றால் எண்ணெயில் சரியாகிவிடும். விரித்த அலகின் நுனியைப் பக்கவாட்டில் அசைத்துப் பார்த்தால், அலகைப் பிடியோடு பிணைக்கும் மூட்டாணி தேய்ந்திருப்பது தெரியும். பிடியில் ஆணி அறைந்த இடத்தைச் சுற்றிக் கீறல் உள்ளதா என்பதையும் பார்த்துவிடுங்கள்.

பிடியின் பொருளைப் பொறுத்தும் கவனம் வேறுபடும். கொம்பு, எலும்பு, கருங்காலி, முத்துச்சிப்பி ஆகியவற்றால் பெரிய தொல்லை இல்லை. செலுலோயிட் என்ற பழைய வகைப் பிளாஸ்டிக்கால் ஆன பிடியைத் தனியே வையுங்கள். அது சிதையும்போது வெளிவிடும் அமில ஆவி பக்கத்தில் இருக்கும் நல்ல கத்திகளையும் அரித்துவிடும், எளிதில் தீப்பற்றவும் செய்யும். யானைத்தந்தப் பிடியுள்ளதை வெளிநாட்டில் இருக்கும் உறவினருக்குக் கொடுத்து அனுப்ப எண்ணாதீர்கள். யானைத்தந்தத்தின் சர்வதேச வணிகம் 1990 முதல் தடையில் இருப்பதால், அனுமதிப் பத்திரம் இல்லாமல் எல்லை கடந்தால் சுங்கத்தில் பறிபோகும்.

நம் கடற்காற்றில் காபன் உருக்கு விரைவில் துருவேறும். தேங்காயெண்ணெய் நாளடைவில் பிசுபிசுத்து இறுகிவிடுவதால் தையல் மெசின் எண்ணெயே நல்லது. மாதம் ஒருமுறை மெல்லிய துணியால் பூசினால் போதும். தோலுறைக்குள் வைத்து மூடாதீர்கள், தோல் ஈரத்தை இழுத்து வைத்துக்கொள்ளும். பித்தளைக் குத்துவிளக்கைத் துலக்குவது போலப் புளி போட்டுத் தேய்ப்பது பெருந்தவறு. பிடியின் உட்பக்கத் தகட்டின் பித்தளை மின்னும், பக்கத்திலுள்ள உருக்கைப் புளி அரித்துவிடும். செந்துருவுக்கும் கருங்கறைக்கும் உள்ள வேறுபாட்டைக் கண் பழகிக்கொள்ள வேண்டும். செந்துரு உருக்கைத் தின்கிறது, அதை நீக்கத்தான் வேண்டும். மாங்காய் வெட்டிய கருநீலக் கறையோ உருக்கின் மேல் படிந்த காப்பு. அது ஒருவருடைய கை பழகிய தடயமும்கூட.

இன்னொரு வேண்டுகோள். 1995 ஒக்டோபர் 30இல் யாழ்ப்பாணக் குடாநாட்டின் வலிகாமத்து மக்கள் போரினால் ஒரே நாளில் வீடுகளை விட்டு வெளியேறியபோது, சட்டைப்பைக்குள் அடங்கும் பொருள்கள்கூட எடுக்கப்படாமல் கிடந்தன. திரும்பி வந்தபோது எத்தனையோ வீடுகளில் பெட்டிகளே இருக்கவில்லை. அதனால் இங்கே தப்பியிருக்கும் ஒவ்வொரு கத்தியோடும், அது யாருடையது, எந்த ஊரில் இருந்தது, என்ன வேலைக்குப் பயன்பட்டது என்று ஒரு கொப்பியில் எழுதி வையுங்கள். விலை பேசும் சேகரிப்பாளர் முத்திரையைப் பார்ப்பார். எனக்கு அந்தக் கொப்பியே பெரிது.

உங்கள் அப்பப்பாவின் கத்திக்கு வருவோம். குறடு கொண்டு இழுத்துத் திறக்க முயலாதீர்கள், நகம் வைக்கும் பள்ளம் உடைந்துவிடும். அலகும் பிடியும் சேரும் மூட்டில் இன்றிரவே நான்கைந்து துளி எண்ணெய் விட்டு, துணியில் சுற்றி வையுங்கள். நாளுக்கு ஒருமுறை புதிதாகத் துளி விட்டு, ஒரு வாரம் பொறுங்கள். அலகு இளகியதும் ஈர்க்கின் நுனியில் துணி சுற்றி உட்பக்கத்து அழுக்கை எடுங்கள். அலகின் அடிப்பகுதியை மட்டும் எதைக் கொண்டும் உரசாமல், எண்ணெய்த் துணியால் ஒற்றி எடுத்து, கைத்தொலைபேசி வெளிச்சத்தைப் பக்கவாட்டில் சரித்துப் பிடித்துப் பாருங்கள். நேரே பிடித்தால் தெரியாத எழுத்துகள் சரிந்த வெளிச்சத்தில் நிழல் விழுந்து மேலெழும்.