நோன்பு பிடிக்கத்தான் செய்வேன் என்கிறார் சர்க்கரை நோயாளி: நர்ஸ் என்ன செய்யலாம்?

கேள்வி: வேலூரில் ஒரு தனியார் மருத்துவமனையில் ஸ்டாஃப் நர்ஸாக இருக்கிறேன். மேற்கு வங்கத்திலிருந்து வந்த 54 வயதுப் பெண், இன்சுலின் போடுபவர். ரமலான் நோன்பைக் கட்டாயம் பிடிப்பாராம். அவருக்குத் தமிழ் தெரியாது; இதுகூட மொழிபெயர்க்க அவருடன் வரும் லாட்ஜ் ஆள் சொல்லித்தான் தெரியும். நான் எதைச் சொன்னாலும் தலையாட்டுகிறார். தடுப்பதா, விடுவதா?

பதில்: அதற்கு முன்னால் அந்த லாட்ஜ் ஆளை வார்டுக்கு வெளியே நிறுத்துங்கள் சிஸ்டர். காட்பாடியில் ரயிலை விட்டு இறங்கும்போதே பெட்டியைத் தூக்கிக்கொண்டு ஒட்டிக்கொள்பவர்கள் இவர்கள். டாக்டர் இரண்டு நிமிடம் பேசினால் இவர் ஒரு வரியில் முடிப்பார். மீதி நேரம் எந்த ஸ்கேன் சென்டர், எந்த மருந்துக்கடை என்று பேச்சு ஓடும், கமிஷன் அங்கேதானே. அந்நிய ஆணை வைத்துக்கொண்டு அந்த அம்மா சிறுநீர் எரிச்சலைப் பற்றி வாய் திறப்பாரா? வங்காளம் பேசும் இன்னொரு நர்ஸையோ டெக்னீஷியனையோ கூப்பிடுங்கள். பில் கவுண்டரில் வங்காளம் தெரிந்தவரை உட்காரவைக்கத் தெரிந்த நிர்வாகத்துக்கு, நைட் டியூட்டிக்கு ஒருவரைப் போட மட்டும் மனம் வருவதில்லை. இன்சார்ஜ் சிஸ்டரிடம் எழுத்தில் கேளுங்கள்.

இனி நோன்பு. நோயாளிக்கு விலக்கு உண்டு. விட்ட நோன்பைப் பிறகு வைக்கலாம், தீராத நோயென்றால் ஏழைக்கு உணவளிக்கலாம். இது அவருக்கு உங்களைவிட நன்றாகவே தெரியும். நீங்கள் மார்க்கம் சொல்லப் போகாதீர்கள். அவர் ஊர்ப் பள்ளிவாசல் ஹஜ்ரத்திடம் (மார்க்கம் கற்ற பெரியவர்) போனில் பேசவிடுங்கள். விரலில் குத்தி சர்க்கரை பார்ப்பதாலோ இன்சுலின் ஊசியாலோ நோன்பு முறியாது என்பதே பெரும்பாலான அறிஞர்கள் கருத்து. அதையும் ஹஜ்ரத் வாயால் கேட்டால்தான் அவருக்கு நிம்மதி.

டயாலிசிஸில் இருப்பவர், சமீபத்தில் லோ சுகரில் மயங்கியவர் என்றால் நோன்பே வேண்டாம் என்று டாக்டர் சொல்லவேண்டும். மற்றவர்களுக்கு சஹர் (விடியலுக்கு முந்தைய சாப்பாடு), இஃப்தார் (மாலையில் நோன்பு திறப்பது) நேரத்துக்கேற்ப டோஸை டாக்டர் மாற்றித் தருவார். நோயாளி தானாக மாற்றக்கூடாது.

ஒன்றை மட்டும் திரும்பத் திரும்பச் சொல்லுங்கள். சர்க்கரை 70க்குக் கீழே போனால் அந்த நிமிடமே நோன்பை முறிக்கவேண்டும். 300க்கு மேல் ஏறினாலும் அப்படியே. காலை பத்து மணிக்கு என்றால் கேட்டுக்கொள்வார்கள். மாலையில், பாங்கு (நோன்பு திறக்கும் நேரத்துத் தொழுகை அழைப்பு) நெருங்கும்போதுதான் வம்பு. ‘இன்னும் பத்து நிமிடத்தில் பாங்கு சொல்லிவிடுவார்கள், பொறுத்துக்கொள்கிறேன்’ என்பார். கூடாது. ஐந்து நிமிடம் என்றாலும் கூடாது. கை நடுங்கி வியர்த்தால் மீட்டரைத் தேடிக்கொண்டு நிற்காமல் சர்க்கரைத் தண்ணீரைக் குடிக்கவேண்டும். கூட இருக்கும் மகளுக்கும் இதைச் சொல்லிவையுங்கள். மயக்கம் வந்தபின் அந்த அம்மாவால் முடிவெடுக்க முடியாது.

தலையாட்டலைப் பதிலாக எடுத்துக்கொள்ளாதீர்கள். பலருக்கு அது வெள்ளைக் கோட்டுக்குக் காட்டும் மரியாதைதான். ‘சஹருக்கு எத்தனை யூனிட் போடுவீர்கள்?’ என்று கேட்டு, சிரிஞ்சில் ஏற்றிக் காட்டச் சொல்லுங்கள். 20க்குப் பதில் 30 ஏற்றினால் அங்கேயே தெரிந்துவிடும்.

கையெழுத்து விஷயம். சுயநினைவோடு இருக்கும் வயதுவந்த நோயாளியிடம்தான் ஒப்புதல் வாங்கவேண்டும், பெற்ற தாய் போட்ட கையெழுத்துகூடச் செல்லாது என்று 2008இலேயே உச்ச நீதிமன்றம் சொல்லிவிட்டது. அப்படியிருக்க லாட்ஜ் ஆள் எந்த மூலைக்கு? யார் மொழிபெயர்த்தார், நோயாளி என்ன திருப்பிச் சொன்னார் என்பதைக் கேஸ் ஷீட்டில் எழுதுங்கள். இன்சுலின் ஆர்டரை முதல் சஹருக்கு முந்தைய மாலையே டியூட்டி டாக்டரிடம் வாங்கிவிடுங்கள். விடியற்காலை மூன்றரைக்கு அவரைத் தேடி அலைய முடியாது.