அடுத்த பயணத்தில் திமிங்கிலத்தைச் சரியாகப் பார்ப்பது எப்படி?

கேள்வி: திமிங்கிலம் பார்க்கும் படகில் ஒரு முறை சென்றோம். எல்லோரும் கூவிச் சுட்டிக்காட்டினார்கள். நான் திரும்புவதற்குள் அது மறைந்துவிட்டது. தலைசுற்றலும் வாந்தியும் வேறு. மீண்டும் செல்ல விரும்புகிறேன். திமிங்கிலம், டால்பின், கடற்பறவை மூன்றையும் ஒரே பயணத்தில் பார்க்க முடியுமா?

பதில்: பார்க்க முடியும். ஆனால் மூன்றும் ஒரே நாளில் நன்றாக அமைவது அரிது, அதற்குக் காரணம் காற்று. காற்றின் வேகம் மணிக்குச் சுமார் 12 கிலோமீட்டரைத் தாண்டும்போது அலைகளின் உச்சியில் வெண்ணுரை தோன்றத் தொடங்கும். அந்த வெண்மைக்கு நடுவே தொலைவில் எழும் மூச்சுப் புகையையும் கரிய முதுகையும் பிரித்தறிவது பழகிய கண்ணுக்கே கடினம். அல்பட்ராஸ், ஷியர்வாட்டர் போன்ற பறவைகளுக்கோ காற்றுதான் வாகனம். காற்று ஓய்ந்த நாளில் அவை பெரும்பாலும் நீர்மேல் அமர்ந்திருக்கும். உங்கள் முதல் விருப்பம் திமிங்கிலம் என்பதால் அமைதியான கடலையே தேர்ந்தெடுங்கள். பல கரைகளில் பிற்பகலில் கடற்காற்று வலுப்பதால், அதிகாலைப் படகு பொதுவாக நல்லது.

பருவமும் முக்கியம்தான், ஆனால் அது இடத்துக்கு இடம் மாறும். நியூசிலாந்தின் கைக்கோராவில் கரைக்கு மிக அருகிலேயே ஆழ்கடல் பள்ளத்தாக்கு இருப்பதால் விந்துத் திமிங்கிலங்களை ஆண்டு முழுவதும் காணலாம். இலங்கையின் மிரிசையில் நீலத் திமிங்கிலங்களைக் காண ஏற்ற காலம், கடல் அடங்கியிருக்கும் டிசம்பர் முதல் ஏப்ரல் வரைதான்.

இனி, நீங்கள் தவறவிட்ட காட்சிக்கு வருவோம். உடலைத் தேடாதீர்கள், மூச்சைத் தேடுங்கள். நீலத் திமிங்கிலத்தின் மூச்சு ஒல்லியான தூணாக 9 மீட்டர் உயரம் வரை எழும். கூன்முதுகுத் திமிங்கிலத்தின் மூச்சு குட்டையாகவும் புதர்போல் அடர்த்தியாகவும் இருக்கும். விந்துத் திமிங்கிலத்துக்கு மூச்சுத்துளை தலையின் இடப்பக்க முன்முனையில் இருப்பதால், அதன் மூச்சு முன்னோக்கி இடப்புறமாகச் சாய்ந்து வெளிவரும். வெறுங்கண்ணால் அடிவானம் வரை நிதானமாகத் துழாவி, ஏதேனும் தென்பட்ட பிறகே பைனாகுலரை உயர்த்துங்கள். படகில் திசையைக் கடிகார முறையில்தான் சொல்வார்கள்: படகின் முன்முனை 12 மணி, நேர் வலப்பக்கம் 3 மணி, பின்முனை 6 மணி. இதைப் புறப்படும்போதே மனத்தில் பதித்துக்கொண்டால், குரல் வந்ததும் கழுத்து தானாகத் திரும்பும். மூச்சு மறைந்த இடத்தையே உற்றுப் பார்ப்பதுதான் பலரும் செய்யும் பிழை. விலங்கு நகர்ந்துகொண்டே இருப்பதால், அது சென்ற திசையில் சற்று முன்னால் பார்க்க வேண்டும். திமிங்கிலம் வழக்கமாக அடுத்தடுத்துப் பல முறை மூச்சு விட்ட பிறகே ஆழமாக மூழ்கும், ஆகவே முதல் மூச்சைத் தவறவிட்டாலும் பதற வேண்டாம். வால் மேலே எழுந்தால் மட்டும் அந்தச் சுற்று முடிந்தது என்று கொள்ளலாம்: நீலத் திமிங்கிலம் பத்து நிமிடமளவில் திரும்பக்கூடும், விந்துத் திமிங்கிலத்துக்கு முக்கால் மணி நேரம்கூட ஆகலாம்.

இந்தக் காத்திருப்பில் பறவைகளைக் கவனியுங்கள். ஆலா எனப்படும் கடற்பறவைகள் ஓரிடத்தில் கூட்டமாக வட்டமிட்டு நீரில் பாய்ந்தால் அங்கே மீன்திரள் மேலே வந்திருக்கிறது, அதைத் துரத்தும் டால்பின்களும் அருகில் இருக்கக்கூடும். டால்பின்கள் படகின் முன்னலையில் சவாரி செய்ய வரும்போது மட்டும் முன்முனைக்குச் செல்லுங்கள்.

மற்ற நேரங்களில் படகின் நடுப்பகுதியில் அல்லது சற்றுப் பின்னால், கீழ்த்தளத்தில் இருப்பது வயிற்றுக்கு நல்லது, ஏனெனில் ஆட்டம் அங்கேதான் குறைவு. பயண நோய்க்கான மாத்திரையை மருத்துவரிடம் கேட்டு, புறப்படுவதற்கு ஏறக்குறைய ஒரு மணி நேரம் முன்பே உட்கொள்ளுங்கள். குமட்டல் தொடங்கிய பின் விழுங்குவதால் அதிகப் பயனில்லை. சில மாத்திரைகள் தூக்கம் தருபவை என்பதையும் கேட்டுக்கொள்ளுங்கள். கண் அடிவானத்தில் நிலைத்திருக்கட்டும். கைப்பேசித் திரையும், இடைவிடாமல் பைனாகுலரில் பார்ப்பதும் தலைசுற்றலைக் கூட்டும். பைனாகுலர் 7 அல்லது 8 மடங்கு பெரிதாக்குவதாக இருந்தால் போதும். 10 மடங்கில் கையின் நடுக்கமும் படகின் ஆட்டமும் சேர்ந்து படம் நிலைக்காது.

படகு நிறுவனத்தைத் தேர்ந்தெடுக்கும்போது, ‘எவ்வளவு அருகில் கொண்டுபோவீர்கள்?’ என்று கேளுங்கள். தொட்டுவிடும் தூரம் என்று பெருமையாகச் சொல்பவரைத் தவிர்த்துவிடலாம். ஆஸ்திரேலியாவின் தேசிய வழிகாட்டு நெறிகளில் திமிங்கிலத்துக்கு 100 மீட்டருக்குள் படகு நெருங்கக் கூடாது, 300 மீட்டருக்குள் மெதுவாகத்தான் செல்ல வேண்டும். குட்டி உடன் இருந்தால் இடைவெளி இன்னும் கூடும். இது விலங்கின் நலனுக்கு மட்டுமான விதி என்று நான் கருதவில்லை. துரத்தப்படும் திமிங்கிலம் திசை மாற்றி மூழ்கிவிடும். பக்கவாட்டில் இணையாக மெதுவாகச் செல்லும் படகின் அருகில் அது தன் போக்கில் நீண்ட நேரம் மேலே இருக்கும். காற்று வலுத்தால் கட்டணத்தை இழக்காமல் பயண நாளை மாற்றிக்கொள்ள முடியுமா என்பதையும் முன்பதிவின்போதே எழுத்தில் கேட்டு வாங்கிக்கொள்ளுங்கள்.